பேர் வைக்காத புயல்

நோர்வேயில், ட்வெய்ட்டாவின் அடுக்குமாடிகளில் என்னோடு வளர்ந்து, இன்று தலைமயிருக்குச் சாயம் பூசத் தொடங்கியிருக்கிற தோழிகளே, உங்கள் பிள்ளைகள் கைத்தொலைபேசியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு இன்றைக்கு மஞ்சள், நாளைக்குச் செம்மஞ்சள் என்று வானிலை எச்சரிக்கை சொல்கிறார்கள். நம் காலத்தில் எச்சரிக்கைக்கு நிறம் இருக்கவில்லை. வானொலியில் ஒருவர் தூக்கக் கலக்கத்தோடு வாசிப்பார். தொலைக்காட்சியின் எழுத்துப் பக்கத்தில், கறுப்பு நிலத்தில் வெள்ளை எழுத்தாக நாலு வரி வரும். அந்த நாலு வரிக்குப் பொருள் சொல்ல வீட்டுக்கு ஒரு தகப்பன் இருந்தார். பனியை விட அதுதான் ஆபத்து.

நான் சொல்லப்போவது எனக்குப் பதின்மூன்று வயதாக இருந்த குளிர்காலத்தை. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். அந்த ஜனவரிக் கடைசியில் எனக்குச் சாமத்தியச் சடங்கு. உங்களுக்கும் நடந்ததுதான். பெண் பெரியபிள்ளையாகிவிட்டாள் என்பதை மண்டபம் எடுத்து, படம் பிடித்து, முந்நூறு பேருக்குச் சோறு போட்டு அறிவிக்கிற அந்தக் கூத்து. அதன் வீடியோவை உங்களில் பாதிப்பேர் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். மீதிப்பேர் தொலைந்துவிட்டது என்று பொய் சொல்கிறீர்கள்.

நான் அதற்கு இலேசில் சம்மதிக்கவில்லை. நான் ஹாண்ட்பால் அணியில் கோல் காப்பவள். பெப்ரவரி விடுமுறையில் சுற்றுப்போட்டி இருந்தது. மூன்று நாள், பள்ளிக்கூடத் தரையில் படுக்கை, அம்மா அப்பா இல்லாமல். பெரியபிள்ளையானவள் இனிக் காற்சட்டை போட்டுக்கொண்டு பந்துக்குப் பாயக்கூடாது என்று வீட்டில் பேச்சு எழுந்தபோது நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. கடைசியில் அப்பா சாமிப்படத்துக்கு முன்னால் நின்று வாக்குத் தந்தார்.

"சடங்கு அண்டைக்கு ஒரு நாள் வாய் திறக்காமல் சொன்னபடி இரு. பேந்து உன்ரை பந்து விளையாட்டுக்கு நான் விடுறன்."

வாய் திறக்காமல் இருப்பதுதான் விலை. அதை நினைவில் வைத்திருங்கள்.

அந்த இலையுதிர் காலத்தில் எங்களுக்கு மேல்வீட்டில் ஓர் அக்கா வந்து சேர்ந்திருந்தார். கோயம்புத்தூர்ப் பக்கம். கணவருக்குக் கணினி வேலை, மாதத்தில் பாதி நாள் தூரத்து ஸ்தவாங்கர் நகரில். அக்காவுக்கு அது முதல் குளிர்காலம். குளிர்காலத்துக்கு எப்படி ஆயத்தமாவது என்று தபால்பெட்டியில் விழுந்த தாளை நாங்கள் எல்லோரும் சோபா விளம்பரத்தோடு சேர்த்துக் குப்பையில் போட, அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி வந்தார்.

"ஏன் கண்ணு, இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்றியா?"

நான் நோர்வேஜிய மொழியில் படித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, அவர் நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் குண்டு குண்டு எழுத்தில் எழுதினார். மெழுகுதிரி. தீப்பெட்டி. பற்றரியில் ஓடும் வானொலி. மூன்று நாளைக்குத் தண்ணீர். கம்பளி. கடைசி வரி எனக்கு இன்றும் மனப்பாடம்: பனியில் வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு இறங்கக் கூடாது, உள்ளேயே இருந்து உதவிக்குக் காத்திருக்க வேண்டும். அக்கா அதன் கீழே இரண்டு கோடு போட்டார். அந்தத் தாள் அவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வெங்காய வடிவக் காந்தத்தின் கீழே தொங்கியது. அவர் சமையலறையில் எப்போதும் சுக்கும் மிளகும் வறுத்த மணம் இருக்கும்.

எங்கள் ஆட்களுக்கு அது பெரிய பகிடியாகிவிட்டது. அப்பாவின் தமையன் பெண்சாதி, எங்கள் பெரியம்மா, ஒவ்வொரு முறை வரும்போதும் கேட்பார்.

"மேல்வீட்டு இந்தியாக்காரி குளிருக்குச் சோதனை எழுதப்போறாவாம். பாடமாக்கி முடிச்சிட்டாவோ?"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். என்னையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் வானிலை அறிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்தார். அங்கே பாத்திரம் கழுவுகிற ஒருவர் அவருக்கு ஓர் உண்மையைச் சொல்லியிருந்தார். இந்த நாட்டில் மிகக் கடுமையான புயல் வந்தால் வானிலைக்காரர் அதற்கு மனிதருக்கு வைப்பதுபோலப் பெயர் வைப்பார்கள். அது சரியான தகவல்தான். ஆனால் அப்பா அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார். பெயர் வைத்தால்தான் புயல், பெயர் இல்லாவிட்டால் அது ஒன்றுமில்லை என்பது அவர் கண்டுபிடிப்பு. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். இந்தக் கண்டுபிடிப்பை அவர் கோயிலில், கடையில், தமிழ்ப் பள்ளி வாசலில் என்று எல்லா இடத்திலும் பரப்பினார். ட்வெய்ட்டாவிலிருந்து எல்லிங்ஸ்ருட் வரை அதை நம்பியவர்கள் இருந்தார்கள். படித்தவர்களும் நம்பினார்கள். ஆண் ஒருவர் உரத்துச் சொன்னால் நம்மவருக்கு அது போதும்.

சடங்குக்கு முதல்நாள் வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் தொலைக்காட்சியின் எழுத்துப் பக்கத்தைத் திறந்தேன். மருதாணி காயாத கை என்பதால் முழங்கையால் பொத்தானை அமுக்கினேன். நாலு வரி. சனி காலை முதல் கடும் பனிப்பொழிவு, பலத்த காற்று, கடுங்குளிர், கட்டாயத் தேவையில்லாமல் வாகனம் ஓட்ட வேண்டாம்.

"அப்பா, நாளைக்கு எச்சரிக்கை விட்டிருக்கிறாங்கள். கார் ஓடவேண்டாமாம்."

அப்பா வாசலில் வைக்கச் செய்த போலி வாழைமரத்துக்குப் பச்சைத் துணி சுற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"பேர் வைச்சவங்களோ?"

"இல்லை. ஆனா..."

"பேரில்லாட்டில் அது சும்மா காத்து. எனக்கு இஞ்சை பதினைஞ்சு வருசம். நீ பிறந்தாப் பிறகுதான் பனி பெய்யத் தொடங்கினதெண்டு நினைக்கிறியோ? ஷெல்லடிக்குள்ளாலை வந்த சனம் நாங்கள். பஞ்சு மாதிரிக் கொட்டுற பனிக்குப் பயப்பிடுறதோ?"

தோழிகளே, அப்பா ஊர்ப் போரின் ஷெல்லடிக்குள்ளால் வரவில்லை. இரவல் கோட்டுப் போட்டுக்கொண்டு மாணவர் விசாவில் விமானம் ஏறி வந்தவர். ஷெல்லடிக்குள் இருந்தவள் அம்மா. அம்மா அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. அன்றும் கதைக்கவில்லை. அப்பா பேசி முடித்ததும் எழுந்து போய், வீட்டிலிருந்த எல்லாச் சட்டிபானையிலும் தண்ணீர் பிடித்து வைத்தாள். மெழுகுதிரியைத் தேடி எடுத்து மேசையில் வைத்தாள். எச்சரிக்கை என்றால் என்ன என்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே பெரியவள் அவள்தான். தெரிந்துகொண்டு தண்ணீர் பிடித்தாள், வாய் திறக்கவில்லை. அப்பாவின் முட்டாள்தனத்தை விட இதைத்தான் என்னால் அதிகம் பொறுக்க முடிவதில்லை.

மறுநாள் காலை விடியவில்லை என்றே சொல்ல வேண்டும். யன்னலுக்கு வெளியே ஒட்டியிருந்த வெப்பமானி மைனஸ் பதினாறு காட்டியது. அதற்கு அப்பால் கட்டடங்களைக் காணவில்லை. ஐயர் குறித்துத் தந்த நல்ல நேரம் பத்தரைக்கும் பன்னிரண்டுக்கும் இடையில். ஒன்பது மணிக்கு, வாடகைக்குப் பேசியிருந்த நீள வெள்ளைக் காரின் சாரதி தொலைபேசியில் வரமாட்டேன் என்றார். எச்சரிக்கை இருக்கிறது, இந்த நிலைமையில் ஆட்களை ஏற்றுவது சரியில்லை என்றார். அப்பா தொலைபேசியை வைத்துவிட்டு, "வெள்ளையனுக்கு வேலை செய்யப் பஞ்சி" என்றார்.

உடனே பெரியப்பாவின் வான் வந்தது. மீனும் மரக்கறியும் ஏற்றுகிற வான். காருக்கு வாங்கி வைத்திருந்த பூச்சரங்களை அதன் மூக்கில் பசைநாடாவால் ஒட்டினார்கள். அந்த வானுக்குப் பின்னால் இரண்டும் குளிர்கால டயர், முன்னால் இரண்டும் கோடைகால டயர். வானை இழுப்பது முன் சில்லு என்பது நோர்வேயில் சாரதிப் பயிற்சி எடுத்து, சோதனை பாஸ் பண்ணி, பத்து வருடம் ஓட்டிய பெரியப்பாவுக்குத் தெரியாமல் இல்லை. "பாதிக்குப் போட்டால் போதும்" என்பது அவர் கொள்கை.

நான் சிவப்புக் காஞ்சிபுரமும், பொன் நிறச் செருப்பும், முழங்கை வரை வளையலுமாக வாசலில் நின்றேன். குளிருக்குப் போடுகிற என் பஞ்சு அடைத்த யக்கெட்டை எடுத்தேன். பெரியம்மா அதைக் கையிலிருந்து பறித்தார்.

"கறுப்பு! நல்ல நாளும் பெருநாளுமா கறுப்பைப் போட்டுக்கொண்டு வெளிக்கிடுறதோ? சப்பாத்தும் கறுப்பு. வை அங்காலை."

அந்தக் காலத்தில் ட்வெய்ட்டாவில் எந்தப் பிள்ளைக்குக் கறுப்பில்லாத யக்கெட் இருந்தது, சொல்லுங்கள். தோளில் ஒரு சரிகைச் சால்வை போர்த்தினார்கள். காத்துக் கறுப்பு அண்டாமல் இருக்க என் வலக்கையில் ஒரு பாக்குவெட்டியை வைத்து, மண்டபத்தில் ஆலாத்தி எடுக்கும்வரை கீழே வைக்கக்கூடாது என்றார்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய இரும்பு. நல்ல கனம். அதன் பிடி ஒரு கிளியின் கழுத்துப் போல வளைந்திருக்கும். கையுறை கேட்டேன். மருதாணி படத்தில் விழாது என்றார்கள்.

மேல்வீட்டு அக்கா ஒரு பெரிய பையோடு படியிறங்கி வந்தார். கணவர் ஸ்தவாங்கரில். தனியாக வந்தவரை வானில் ஏற்றிக்கொண்டோம். பையைப் பார்த்துப் பெரியப்பா, "என்ன, கோயம்புத்தூருக்கே போறியளோ?" என்று கேட்டார்.

"இல்லீங்க. தாள்ல போட்டிருந்தாங்க, அதான்" என்றார் அக்கா. வானுக்குள் ஒரே சிரிப்பு.

மண்டபம் இருந்த எல்லிங்ஸ்ருட்டுக்கு ஏறுகிற கடைசி மேட்டில் வான் நின்றது. முன் சில்லு சுற்றியது, பின்பக்கம் மெல்ல வழுகி, வான் பனிமேட்டில் போய்ச் சாய்ந்தது. யாருக்கும் அடிபடவில்லை. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, சூடாக்கி வேலை செய்தது, உள்ளே மல்லிகையும் பழைய மீனும் சேர்ந்து மணத்தன. அப்படியே இருந்திருந்தால் பனி வழிக்கிற வண்டி வரும்வரை நாங்கள் சுகமாக இருந்திருப்போம்.

அப்பா மணிக்கூட்டைப் பார்த்தார். பதினொன்று.

"மண்டபம் கிட்டத்தான். பத்து நிமிச நடை. நேரம் தப்பப்போகுது, இறங்குங்கோ எல்லாரும்."

"ஏங்க, வண்டிய விட்டு எறங்கக் கூடாதுங்க. உள்ள இருந்தாத் தேடிட்டு வந்துருவாங்க" என்றார் அக்கா. "கண்ணு, நீ தான படிச்சுச் சொன்னே? சொல்லு உங்கப்பாகிட்ட."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பாவும் பார்த்தார். அந்தப் பார்வையில் சாமிப்படம் இருந்தது, வாக்கு இருந்தது, பெப்ரவரி இருந்தது. நான் வாய் திறக்கவில்லை. இறங்கினேன். எனக்குப் பின்னால் அம்மாவும் இறங்கினாள்.

அந்தப் பத்து நிமிட நடை நாற்பது நிமிடமாயிற்று. பெரியப்பா எனக்கு மேலே குஞ்சம் வைத்த சடங்குக் குடையைப் பிடித்தார். இரண்டாவது அடியில் காற்று அதைத் தலைகீழாக மடித்து, கம்பியை மட்டும் அவர் கையில் விட்டுவிட்டுப் போனது. அவர் அந்தக் கம்பியைக் கடைசிவரை எனக்கு மேலே பிடித்துக்கொண்டு வந்தார். பனி முழங்கால் வரை. செருப்பில் ஒன்று முதலிலேயே போய்விட்டது. சேலைக்கரை நனைந்து பலகைபோல விறைத்துக் காலில் அடித்தது. கையிலிருந்த இரும்பு முதலில் சுட்டது. பிறகு கடித்தது. பிறகு ஒன்றும் செய்யவில்லை. அந்த ஒன்றும் செய்யாத நேரம் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அதுதான் மோசமான நேரம் என்று எனக்கு யார் சொல்ல?

பாதி வழியில் அக்கா என்னை எட்டிப் பிடித்தார். என் கையைப் பார்த்தார். பையைப் பனியில் போட்டுத் திறந்து, தன்னுடைய இரண்டாவது யக்கெட்டை எடுத்தார். கறுப்பு.

"ஐயோ, கறுப்பு வேண்டாம்! ஆலாத்திக்கு முதல் கறுப்புப் படக்கூடாது!" என்று பெரியம்மா காற்றுக்கு மேலாகக் கத்தினார்.

"கறுப்பாவது செவப்பாவது! புள்ள வெரலு வெளுத்துப் போச்சு, கண்ணு தெரியுதா இல்லையாங்க உங்களுக்கு?"

அக்கா அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. யக்கெட்டை எனக்கு மாட்டினார். காலில் இரண்டு கம்பளிக் காலுறை. பாக்குவெட்டியை விரலிலிருந்து எடுக்கப் பார்த்தபோது அது வரவில்லை, ஒட்டியிருந்தது. இழுக்காமல், பிளாஸ்கிலிருந்த சுக்குக் காப்பியை ஆற்றி, இரும்பின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கழற்றினார். பிறகு என் கையைத் தன் அக்குளுக்குள் வைத்துக்கொண்டு மிச்ச வழியும் என்னோடு பக்கவாட்டில் நடந்தார். அப்பா முன்னால் நடந்துகொண்டிருந்தார், மணிக்கூட்டைப் பார்த்தபடி.

மண்டபத்தை அடைந்தபோது பன்னிரண்டுக்குப் பதினைந்து நிமிடம் இருந்தது. முந்நூறு கதிரை. பன்னிரண்டு பேர். மேடையில் ஐயரைக் காணவில்லை. அவர் காலையிலேயே மண்டபத்துக்குத் தொலைபேசி எடுத்திருந்தாராம். "கார் ஓடவேண்டாமெண்டு சொல்லியிருக்கினம், நான் வீட்டிலை நிக்கிறன்" என்று. நல்ல நேரத்தைக் குறித்துத் தந்தவர் நல்ல புத்தியோடு வீட்டில் இருந்தார். எங்களுக்கு அந்த நேரம் மட்டும் வந்து சேர்ந்தது.

பெரியம்மா ஆலாத்தி எடுத்தார். படம் பிடிப்பவர் என்னைச் சிரிக்கச் சொன்னார். கை உருகத் தொடங்கியிருந்தது. உருகுகிற வலியை நான் எதனோடும் ஒப்பிடப் போவதில்லை. வீடியோவில் நான் அழுவதைப் பார்த்து, பெற்றாரைப் பிரிகிற நினைவில் பிள்ளை கலங்குகிறாள் என்று பின்னால் ஒரு பாட்டுப் போட்டுவிட்டார்கள். பதின்மூன்று வயதில் நான் யாரைப் பிரிந்து எங்கே போகிறேனாம்? பனி விழுந்த பகுதி முழுவதையும் வெட்டிவிட்டார்கள். அந்த வீடியோவில் அது ஒரு கோடைகாலம்.

சடங்கு முடிந்து கொண்டுபோன அவசர மருத்துவ நிலையத்தில் தாதி என் விரல்களைப் பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். எச்சரிக்கையை நீங்கள் கேட்கவில்லையா என்று கேட்டாள். அப்பா தன் சொந்த நோர்வேஜிய மொழியில், பிழையில்லாமல், "எங்களுக்கு யாரும் சொல்லவில்லை" என்றார். நான் பக்கத்தில் இருந்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை. பழகிவிட்டிருந்தது.

மோதிர விரலிலும் சுண்டுவிரலிலும் நுனி செத்துவிட்டது. வெட்டவில்லை, ஆனால் தொடு உணர்ச்சி திரும்பவில்லை, குளிர் பட்டால் நோவு மட்டும் வரும். பந்து தொடவே கூடாது என்றார் வைத்தியர். பெப்ரவரி போயிற்று. அடுத்த குளிர்காலத்தில் கோலுக்கு வேறொருத்தி நின்றாள். அப்பா தன் வாக்கைக் காப்பாற்றியதாகவே இன்றுவரை நினைக்கிறார். "நான் விடமாட்டனெண்டு சொன்னனானோ? அவளுக்குத்தான் கை ஏலாமல் போச்சு." பெரியப்பா அந்தக் கிழமையே முன்னுக்கும் இரண்டு குளிர்கால டயர் வாங்கிப் பூட்டினார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அக்கா இரண்டு வருடத்தில் ஊருக்குத் திரும்பினார். போகும்போது அந்த நாட்காட்டித் தாளை எனக்குத் தந்தார். அதை வைத்திருந்தேன், வீடு மாறியபோது எங்கேயோ போய்விட்டது.

பல வருடங்களுக்கு அப்பா இதை வீரக்கதையாகச் சொல்லித் திரிந்தார். அந்தப் பனியிலும் நேரம் தப்பாமல் சடங்கு செய்தோம் என்று. கதையில் பனி வருடத்துக்கு வருடம் உயர்ந்தது, விரல் மட்டும் வரவில்லை. நானும் அந்தச் சபைகளில் தட்டோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்போது அவருக்கு வயதாகிவிட்டது, அம்மாவும் இல்லை. குளிர் தொடங்கினால் வெளியே போகுமுன் எனக்குத் தொலைபேசி எடுக்கிறார். உறைந்த விரலுக்கு வரப்போகிற குளிர் முன்கூட்டியே தெரியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவரது அடுத்த கண்டுபிடிப்பு அது.

"பிள்ளை, உன்ரை விரல் என்ன சொல்லுது?"

விரலுக்கு வானிலை தெரியாது. குளிர் வந்து கடித்த பிறகுதான் அதற்குத் தெரியும், அவரைப் போலவே. இதை எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். கேட்பவரா?

போன கிழமை செம்மஞ்சள் எச்சரிக்கை வந்த காலையிலும் எடுத்தார். யாரோ வீட்டில் பூப்புனித விழாவாம், எல்லிங்ஸ்ருட்டில், காரை எடுக்கட்டுமா என்று கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில், இத்தனை வருடம் வாய்க்குள் கிடந்தது வந்துவிட்டது.

"பேர் வைக்கேல்லை, அப்பா. பயப்பிடாமல் போங்கோ."

அவர் கார்ச் சாவியை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"நான் போகேல்லை" என்றார். குரல் சின்னதாக இருந்தது. பிறகு, "பிள்ளை, அது இப்பவும் நோகுதோ?"

முதல் தடவையாகக் கேட்கிறார். இல்லை என்று சொல்லியிருக்கலாம், வயதானவர். நிமோனியாவில் போன அம்மாவாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பாள், பிறகு எழுந்து போய்த் தண்ணீர் பிடித்து வைத்திருப்பாள்.

"ஓம், அப்பா. நோகுது. அண்டைக்கும் நொந்தது" என்றேன்.